ஒரே எண்ணில் இரண்டு டிரைவர்

மூன்று நாளாக வாலுவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் எழுதிய முதல் டிரைவர், அதாவது ஒரு கருவியைக் கணினியோடு பேசவைக்கிற புரோகிராம், தனியாக இருந்தால் கிளிப்பிள்ளை மாதிரிப் பேசியது. அண்ணியின் டிரைவரோடு சேர்த்துவிட்டாலோ வாயையே திறக்கவில்லை.

மாடி அறையில் அண்ணியும் நாத்தனாருமாக நடத்துகிற சின்னக் கம்பெனி அது. பார்வையற்றோர் பள்ளி ஒன்றுக்குக் கணினி தயாராகிக்கொண்டிருந்தது. அண்ணியின் டிரைவர், புள்ளி எழுத்து அச்சடிக்கும் பிரிண்டருக்கு. வாலுவுடையது, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரல் பெட்டிக்கு. ஒரே கருவியை நாலு புரோகிராம் கேட்டாலும் ஒவ்வொன்றையும் ‘எனக்கே எனக்கு’ என்று நம்பவைக்கிற விர்ச்சுவல் டிரைவர்கள். நாளை மாலை பள்ளியிலிருந்து டீச்சர் வருகிறார். அதற்குள் குரல் பெட்டி பேசாவிட்டால் பிரிண்டரை மட்டும் கொடுப்பதென்று பேச்சு.

“எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது அண்ணி. என்னோடதை எடுத்துருங்க.”

“மூக்கைச் சிந்தாம ரெண்டு ஃபைலையும் திற.”

பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்த்த வாலு, திடீரென்று நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

“அண்ணி, உங்க டிரைவர் நம்பர் என்ன?”

“அதுலயே இருக்குமே.”

“இருக்கு. என்னோடதுலயும் அதே நம்பர்தான் இருக்கு!”

கையேட்டில் உதாரணத்துக்குக் கொடுத்திருந்த புரோகிராமை நகல் எடுத்துத்தான் இருவருமே வேலையை ஆரம்பித்திருந்தார்கள். அதிலிருந்த எண்ணும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. ‘இந்த ஆள்தான் ஏற்கெனவே உள்ளே இருக்கிறாரே’ என்று கணினி வாலுவின் டிரைவரை வாசலோடு அனுப்பிவிட்டது.

“புது நம்பர் கேட்டு நீ எழுதலையா?”

“நீங்க எழுதிட்டீங்கன்னுல்ல நினைச்சேன்!”

“நல்லா நினைச்ச போ. நீ எழுதிட்டதா நான் நினைச்சேன்.” அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“நாமளே ஏதாவது ஒரு நம்பர் போட்டுக்கிட்டா?”

“வேற யாரோட டிரைவராவது அதே நம்பரோட அந்த மெஷினுக்குள்ள வந்தா மறுபடி ஊமைதான். ஒழுங்கா எழுதிக் கேளுடி.”

டிரைவருக்கு ஒன்றாகத் தனி எண்களைப் பதிந்து கொடுக்கும் அலுவலகத்துக்கு அப்போதே மின்னஞ்சலில் படிவம் போயிற்று. மறுநாள் காலையில் பதில்: ‘ஒரு படிவத்துக்கு ஒரு டிரைவர்தான். தயவுசெய்து தனித்தனியாக அனுப்பவும்.’

“ரெண்டையும் ஒண்ணா அடைச்சியா?”

“இடம் இருந்துச்சே அண்ணி!”

திரும்ப அனுப்பி, மூன்று மணிக்கு வந்தன இரண்டு எண்கள். வாலு உரக்கப் படிக்க, அண்ணி தட்டினாள். அண்ணி படிக்க, வாலு சரிபார்த்தாள். கணினியை அணைத்து மறுபடி போட்டார்கள். பிரிண்டர் கடகடத்தது. அதன் சத்தத்துக்கு மேலே குரல் பெட்டி கணீரென்று வணக்கம் சொன்னது. வாலு அண்ணியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள்.

“இறக்குடி, இடுப்பு போச்சு!”

நாலரைக்கு டீச்சர் வந்தார். ஒரு விரல் தாளின் புள்ளிகளில் ஓட, காது பெட்டியிடம் இருந்தது. முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது.

“இந்தக் குரல் யாரு வேலை?”

“நான்தான் டீச்சர்” என்றாள் வாலு.

“நல்லா இருக்கும்மா. ஆனா ஆடி அசைஞ்சு பேசுது. எங்க பிள்ளைங்க இதைவிட மூணு மடங்கு வேகமா கேப்பாங்க.”

“அவ்வளவுதானே?” என்றாள் அண்ணி. “இவ பேசற வேகத்துக்கு வச்சுடலாம் டீச்சர்.”

“ஐயோ, அதுக்கும் கொஞ்சம் கம்மியா வைங்க” என்றார் டீச்சர். வாலு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே வேகத்தைக் கூட்டினாள்.