ஏழாவது மாடியின் காலி நாற்காலி

ஒப்பந்தம் என்பது ஓர் உயிர். அது கருக்கொள்கிறது, பிறக்கிறது, வளர்கிறது, தன் கடமையைச் செய்து முடித்துவிட்டுக் கண்ணியமாக விடைபெறுகிறது. அந்த உயிரை ஒவ்வொரு கணமும் காத்து நிற்பதே நல்லாட்சியின் தலையாய அறம். இயக்குநர் இதைச் சொல்லி முடித்து, கைதட்டல் ஓய்வதற்காகக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, கையிலிருந்த ரிமோட்டைத் திரையை நோக்கி அமுக்கினார். திரை அசையவில்லை. மறுபடி அமுக்கினார். உள்ளங்கையில் வைத்து இரண்டு தட்டுத் தட்டினார். பேட்டரி தீர்ந்திருந்தது. அலுவலகத்துக்குப் பேட்டரி வழங்கும் ஒப்பந்தம் போன மாதமே கண்ணியமாக விடைபெற்றிருந்தது.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஒப்பந்தப் பிரிவுக் கண்காணிப்பாளர் சிரிக்கவில்லை. மேலதிகாரிகள் சறுக்கும் நேரத்தில் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பது முப்பத்தோரு வருட சர்வீஸில் அவருக்குக் கைவந்திருந்தது. பக்கத்தில் இருந்த எழுத்தர் அம்மாதான் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். இருபது வருடமாக அவருடைய பிரிவில் கோப்பு தேடிக் கொடுப்பவள் அவள். கண்காணிப்பாளர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அது கண்டிப்பு மாதிரி இருந்தாலும் பாதி பொறாமை.

அன்று தொடங்கிவைக்கப்பட்ட மென்பொருளுக்கு 'வாழ்வட்டம்' என்று இயக்குநரே பெயர் வைத்தார். ஒரு ஒப்பந்தம் டெண்டர் விடும் நாளில் உள்ளே நுழைந்தால், கையெழுத்து, வேலை, புதுப்பித்தல், முடிவு என்று கடைசிவரை அதற்குள்ளேயே ஓடும். முடிவதற்குத் தொண்ணூறு நாள் இருக்கும்போது ஒருமுறை நினைவூட்டும். பிறகு அறுபது நாளில், முப்பது நாளில். அதற்கும் ஆள் அசையாவிட்டால் தினம் ஒன்று அனுப்பும். ஊழியர்கள் இரண்டே நாளில் அதை 'வட்டம்' ஆக்கிவிட்டார்கள். "வட்டத்துல ஏத்தியாச்சா?" என்பது நடைபாதைப் பேச்சாகிவிட்டது.

ஏற்ற வேண்டியவை முந்நூற்றுப் பதினாறு. லிப்ட் பராமரிப்பு, ஜெனரேட்டர், எலி ஒழிப்பு, காவலாளிகள், நகல் இயந்திரம், குடிநீர், குழாய் அடைப்பு, கழிப்பறைத் துப்புரவு. எல்லாவற்றையும் எழுத்தர் அம்மாவே பன்னிரண்டு நாள் உட்கார்ந்து தட்டினாள். கடைசியில் ஒரே ஒரு கட்டம் மிஞ்சியது. முந்நூற்றுப் பதினாறு இடத்திலும் அது வெள்ளையாகவே நின்றது. அந்தக் கட்டத்தின் தலைப்பு, 'பொறுப்பாளர்'.

அந்த அலுவலகத்தில் ஒரு கோப்பு எத்தனை மேசைக்கு வேண்டுமானாலும் போகும்; எந்த மேசையிலும் குடியிருக்காது. 'பேசவும்' என்று ஒருவர் எழுதுவார், 'பேசப்பட்டது' என்று இன்னொருவர் எழுதுவார், என்ன பேசினார்கள் என்பதை இருவருமே எழுத மாட்டார்கள். அது ஒரு கலை. அந்தக் கலையில் ஊறியவர்களிடம் போய், இந்த ஒப்பந்தம் யாருடையது என்று கேட்டால் எப்படி? தோட்டப் பிரிவு, புல்வெட்டும் ஒப்பந்தம் பொறியியல் பிரிவுடையது என்றது. பொறியியல் பிரிவு, புல் என்பது பொறியியல் அல்ல என்று எழுத்துமூலம் தெரிவித்தது.

"பொறுப்பாளர் போடாம சேவ் ஆகாது சார்" என்றாள் மென்பொருள் நிறுவனத்திலிருந்து வந்திருந்த பயிற்சியாளர். நாற்பது வயதிருக்கும், இதே பதிலைப் பல அலுவலகங்களில் சொல்லிச் சொல்லிக் குரல் தேய்ந்திருந்தது. "ஆள் பேரு போடலாம், இல்லன்னா பதவிய போடலாம்."

"பதவியப் போட்டா?"

"அந்தப் பதவிக்கு யார் வர்றாங்களோ, அவங்களுக்கு எல்லாமே போயிடும் சார். பழசு, புதுசு, அத்தனையும்."

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு நல்ல யோசனை வரும்போதெல்லாம் அப்படிச் செய்வார். "துணை இயக்குநர், ஒப்பந்தங்கள். போடுங்க. முந்நூத்திப் பதினாறுக்கும்."

எழுத்தர் அம்மா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். "சார், அந்த சீட்ல நாலு வருஷமா ஆளே இல்லையே."

"அதனாலதாம்மா. இல்லாத ஆளுக்கு யாரு மெமோ குடுப்பா?"

"அப்ப நினைவூட்டல் எல்லாம் எங்க போகும்?"

"நாற்காலிக்குப் போகும். அது பாட்டுக்கு வாங்கி வச்சுக்கும்."

இதில் அவர் வாய்விட்டுச் சொல்லாத கணக்கு ஒன்றும் இருந்தது. அந்த நாற்காலி அவருக்கு வரவேண்டியது. நாலு வருடமாக அவருடைய பதவி உயர்வுக் கோப்பு மேலே போய், 'இப்பதவிக்குப் போதிய பணிச்சுமை இல்லை' என்ற ஒற்றை வரியோடு கீழே வந்துகொண்டிருந்தது. ஐந்தாவது வருடமும் காலியாகக் கிடந்தால் பதவியையே எடுத்துவிடுவார்கள். அதற்கு எட்டு மாதம் இருந்தது. அவர் ஓய்வு பெற இரண்டு வருடம். கண்காணிப்பாளராகவே வீட்டுக்குப் போவதா, துணை இயக்குநராகப் போவதா என்பது அந்த எட்டு மாதத்தில் தெரிந்துவிடும். இப்போது வட்டத்தைத் திறந்து பார்க்கிறவர் யாராக இருந்தாலும் சரி, அலுவலகத்திலேயே அதிகச் சுமை தாங்குவது ஆளில்லாத அந்த நாற்காலிதான் என்பது கண்ணில் அறையும். அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது பேருந்தில் உட்கார இடம் கிடைத்ததைக்கூட அவர் நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டார்.

நாற்காலி ஆறு மாதம் நினைவூட்டல்களை வாங்கி வைத்துக்கொண்டது. ஏழாவது மாதம், வட்டத்தின் வெற்றியை நேரில் பார்ப்பதற்காக வேறொரு துறையிலிருந்து ஐந்து பேர் கொண்ட குழு வந்தது. இயக்குநர் அவர்களைத் தானே அழைத்துக்கொண்டு லிப்டில் ஏறினார். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிப்ட் நின்றுவிட்டது. பராமரிப்பு நிறுவனத்துக்குப் போன் போட்டால், "உங்க ஒப்பந்தம் முடிஞ்சு பதினெட்டு நாள் ஆச்சு, இப்ப நாங்க தொட்டா எங்க மேல கேஸ் வரும்" என்றார்கள். தீயணைப்பு வண்டி வந்து கதவை நெம்பித் திறக்க முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் உள்ளேயிருந்து இயக்குநரின் குரல் கேட்டது. ஒப்பந்தத்தின் வாழ்வட்டத்தை அவர் படிப்படியாக விளக்கிக்கொண்டிருந்தார். வேறு என்னதான் செய்வார்?

வெளியே வந்ததும் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "யாருய்யா பொறுப்பாளர்?"

"வட்டத்துல துணை இயக்குநர் பேர்ல இருக்கு சார்."

"மெமோ அடிங்க. வேலைய விட்டுத் தூக்குற மாதிரி இருக்கணும்."

மெமோ எழுதுவதில் அந்தக் கட்டிடத்தில் அவருக்கு இணை கிடையாது. ஆனாலும் இதுவரை எழுதியதெல்லாம் உயிருள்ளவர்களுக்கு. அவர்கள் படிப்பார்கள், அழுவார்கள், சங்கத்துக்குப் போவார்கள். அந்தத் தயக்கம் எதுவும் இல்லாமல் ஒரு மெமோ எழுதக் கிடைப்பது வாழ்நாளில் ஒருமுறைதான். அவர் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார். 'ஐம்பது நினைவூட்டல்கள் அனுப்பப்பட்டும் கும்பகர்ணனும் வெட்கும் வண்ணம் தாங்கள் உறங்கியது' என்று ஒரு வரி. 'தாங்கள் இப்பதவியில் இருப்பதும் இல்லாததும் ஒன்றே எனக் கருத இடமுள்ளது' என்று ஒரு வரி. இதை எழுதிவிட்டு அவரே சிரித்துவிட்டார். பதினைந்து நாளுக்குள் விளக்கம் தராவிட்டால் பதவி இறக்கம் செய்யப்படும் என்று முடித்தார். இயக்குநர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். மெமோ வட்டத்தில் ஏறியது.

எழுத்தர் அம்மா படித்துவிட்டு, "பாவம் சார் அந்த மனுஷன்" என்றாள்.

"எந்த மனுஷன்?"

"யாரு வர்றாரோ அவரு."

ஒரு வாரம் பதில் வராததால் இயக்குநர் ஏழாவது மாடிக்கு நேரே ஆளனுப்பினார். அறை பூட்டியிருக்கிறது, பூட்டில் துரு என்று ஆள் வந்து சொன்னான். இயக்குநர் வட்டத்தைத் திறந்து பார்த்தார். முந்நூற்றுப் பதினாறு. அவருக்குத் தலை சுற்றியது. "இவ்வளவு முக்கியமான போஸ்ட்டை எந்த முட்டாள் காலியா வச்சிருக்கான்?" என்று கேட்டார். காலியாக வைத்திருந்த கோப்பில் கடைசிக் கையெழுத்து யாருடையது என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. கண்காணிப்பாளரின் பதவி உயர்வு ஆணை நாலே நாளில் வந்துவிட்டது.

பொறுப்பேற்கும் நாள் காலையில் மனைவி அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள். அவள் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். எதையும் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் விடமாட்டாள். "லிப்ட் சரியாச்சா?"

"அது என் கையெழுத்துக்குத்தான் காத்துட்டு இருக்கு."

"அப்ப ஏழு மாடியும் நடந்தா? மேல போயி சேர்றதுக்குள்ள ரிட்டயர் ஆயிடாதீங்க."

"ஒரு துணை இயக்குநர்கிட்ட பேசற பேச்சா இது?"

"துணை இயக்குநரே, டிபன் பாக்ஸை மறந்துட்டுப் போறீங்க."

பத்தரை மணிக்குக் கீழே கண்காணிப்பாளர் பொறுப்பை விட்டதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் ஏற ஆரம்பித்தார். நாலாவது மாடியில் மூச்சு வாங்கியது. ஆறாவதில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, யாரோ கடந்து போனபோது செல்போனில் முக்கியமான விஷயம் பார்ப்பதுபோல் பார்த்தார். ஏழாவதில் அறையைத் திறந்து வைத்திருந்தார்கள். பெரிய மேசை, சுழலும் நாற்காலி, நகரமே காலடியில் தெரியும் ஜன்னல். ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு வெளியே மேசையில் இருந்த இன்னொரு பாட்டிலையும் குடித்தார். நாற்காலியில் சாய்ந்து, ஒருமுறை முழுசாகச் சுற்றிப் பார்த்தார். கிறீச்சென்றது. பரவாயில்லை.

எழுத்தர் அம்மா போனில் வழி சொல்ல, கணினியில் புதுப் பதவிக்குள் நுழைந்தார். அத்தனையும் வந்து சேர்ந்தது. படிக்காத நினைவூட்டல்கள் நாலாயிரத்துச் சொச்சம். சிவப்பில் நாற்பத்தொன்பது ஒப்பந்தங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, கொட்டை எழுத்தில், மெமோ.

முதல் வரியிலிருந்து படித்தார். நன்றாகத்தான் எழுதியிருந்தது. கும்பகர்ணன் வரும் இடத்தில் லேசாகப் பெருமைகூட வந்தது. 'பதவி இறக்கம்' என்ற சொல்லுக்கு வந்தபோதுதான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கெடு முடிய நாலு நாள் இருந்தது.

"அம்மா, இது பழைய ஆளுக்குத்தானே? நான் இன்னைக்குத்தானே வந்தேன்?"

"பழைய ஆளுன்னு யாருமே இல்லையே சார்" என்றாள் போனில்.

அவர் கலங்கவில்லை. முப்பத்தோரு வருடம். மெமோ எழுதத் தெரிந்தவனுக்கு விளக்கம் எழுதத் தெரியாதா? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாற்பது நிமிடத்தில் ஒரு விளக்கம் தட்டினார். பதவிக்கும் ஆளுக்கும் உள்ள வேறுபாடு பற்றி அதில் ஒரு பத்தி. வேறு யாராலும் அதை எழுதியிருக்க முடியாது. அனுப்பு என்பதை அமுக்கினார். 'உங்கள் விளக்கம் ஒப்பந்தப் பிரிவுக் கண்காணிப்பாளரின் சரிபார்ப்புக்குப் பிறகே இயக்குநருக்குச் செல்லும்' என்றது வட்டம்.

"கீழ யாரும்மா இப்ப கண்காணிப்பாளர்?"

"யாரும் இல்ல சார். சீட்டு காலி."

"ஆளப் போடச் சொல்லு."

"கோப்பு போட்டாச்சு சார். பணிச்சுமை எவ்வளவுன்னு கேட்டிருக்காங்க. வட்டத்துல பாத்தேன், அந்த சீட்டு பேர்ல ஒண்ணுமே இல்ல."

"பார்த்துக்கலாம்" என்றார் துணை இயக்குநர். உறுதியாகத்தான் சொன்னார். நாலு நாள் இருக்கிறது. நாலு நாளில் என்னென்னவோ செய்யலாம். ஆனால் அதற்கு முன்னால், குடித்த இரண்டு பாட்டில் தண்ணீருக்கு ஒரு வழி செய்தாக வேண்டியிருந்தது. எழுந்து நடைபாதையின் கோடிக்குப் போனார். கழிப்பறைக் கதவில் பூட்டு. துப்புரவு ஒப்பந்தம் காலாவதி என்று காகிதம் ஒட்டியிருந்தது. சிவப்புப் பட்டியலில் அது பதினோராவது.

ஆறாவது மாடியிலும் பூட்டு. ஐந்தாவதிலும். படியில் எதிரே வந்தவர்கள் எல்லோரும் அவரை வாழ்த்துவதற்காகவே ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள மாதிரி ஆளுங்க மேல வரணும் சார்" என்று சொல்லி விடாமல் குலுக்கினார். கணக்குப் பிரிவிலிருந்து மாலையோடு வந்த மூவர் போட்டோ எடுக்க வேண்டும் என்றார்கள். ஒருவருக்குப் போன் கேமரா திறக்கவில்லை. துணை இயக்குநர் மாலையோடு, முழங்கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு, புன்னகையோடு நின்றார்.

திறந்திருந்த கழிப்பறை தரைத்தளத்தில், பார்வையாளர்களுக்கானது. அதற்கு வரிசை இருந்தது.