கம்பெனி வால்வு

சுந்தர்சிங் சாரின் பைக்கில் பின் டயரைக் கழற்றியபோது உள்ளேயிருந்து பச்சையாகச் சளி போல ஒழுகியது. டியூப் இல்லாத டயருக்குள் ஓட்டை அடைக்க ஊற்றுகிற பஞ்சர் ஜெல். எவனோ எந்தக் காலத்திலோ ஊற்றியது, உள்ளேயே கிடந்து புளித்து, அழுக்கோடு சேர்ந்து நாறியது. பதினாறு வருடமாகப் புதுக்கடையில் டயர்க்கடை வைத்திருக்கிறேன். இந்த நாற்றம் மட்டும் எனக்குப் பழகவே இல்லை. சோப்புப் போட்டுக் கழுவினாலும் சோற்றில் கை வைக்கும்போது வரும். வெளியே பார்த்தால் வண்டி பளபளவென்று இருந்தது. டேங்கைத் துடைக்கவென்றே தனித் துணி வைத்திருந்தார் மனுஷன்.

சாருக்கு அரசு உத்தியோகம். புது டயரை ஆன்லைனில் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். மாட்டிக் கொடுத்தால் போதுமாம். அவர் மனைவி ஜினி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள்.

ரிம்மைத் துடைத்துவிட்டு, காற்றடிக்கிற வால்வை விரலால் சாய்த்துப் பார்த்தேன். அடியில் ரப்பர் சுற்றிலும் வெடித்திருந்தது, நகம் உள்ளே போகிற அளவுக்கு.

"சாரே, இஞ்ச பாருங்க. அடி வெடிச்சு நிக்கி. டயர் கழத்திக் கெடக்கும்போ மாத்துனாதான் உண்டு. பொறவு மாத்தணும்னா திரும்பவும் எல்லாத்தையும் கழத்தணும்."

சார் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "அது கம்பெனி வால்வு ஓய். வண்டிகூட வந்தது. எட்டு வருசம் நின்னுதே. நீரு போடப்போறது எங்க செஞ்சதோ, டூப்ளிகேட்டு."

"ரப்பர்தானே சாரே. எட்டு வருசம் வெயிலும் மழையும் கொண்டா கம்பெனி ரப்பரும் வெடிக்கும்."

"இவனுவளுக்கு இதுதான் வேலை. ஒண்ணு கழத்தினா ஒம்பது விப்பானுவ." காற்றடிக்க நின்ற இரண்டு பேரைப் பார்த்துச் சார் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் ஊரில் கம்பெனி என்று சொல்லிவிட்டால் போதும், எதையும் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். தேதி முடிந்த மாத்திரையையும் கம்பெனி மாத்திரை என்று விழுங்குவீர்களா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. "செரி சாரே, ஒங்க இஷ்டம்" என்றேன். வெடித்த வால்வு இருந்தபடியே இருக்க, புது டயரை ஏற்றிக் காற்றடித்துக் கொடுத்தேன். போய்த் தொலையட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள், பத்மநாபபுரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போகிற வழியில், வளைவில் அந்த வால்வு அடியோடு பிய்ந்தது. இருந்த காற்றெல்லாம் ஒரே மூச்சில் போய் வண்டி வழுக்கியது. சாருக்கு முட்டியில் சிராய்ப்பு. பின்னால் இருந்த ஜினிக்கு வலது மணிக்கட்டு நொறுங்கிப் போனது.

மறுநாள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் சாரின் குரல் வந்தது. "நௌஷாத்துக்க கடையில ஒருத்தரும் வண்டிய விடாதீங்க. வெடிச்ச பழைய வால்வ போட்டு எங்களக் கொல்லப் பாத்தான்."

அதற்குக் கீழே வரிசையாகக் கோப மூஞ்சிகள். கொட்டுகிற மழையில் வண்டி பஞ்சராகி நடுரோட்டில் நின்று என்னைக் கூப்பிட்டவர்கள்தான் எல்லாரும். ஒருத்தன் என் கடையில் காற்றடித்துக்கொண்டே அந்தக் குரலை அடுத்தவனுக்கு அனுப்பினான். அந்த வாரம் முழுக்கக் கடையில் ஈ ஓட்டினேன். பதினாறு வருடமாகச் சேர்த்த பெயர் அரை நிமிடப் பேச்சில் போயிற்று. மனிதர்களை நினைத்தாலே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

என் மனைவி சுல்ஃபியாதான் சொன்னாள். "ஊரு முழுக்க பதில் சொல்லிட்டு அலையாதீங்க. அந்தப் பொண்ணு அங்கதானே இருந்தா? அவ வாயால சொல்லட்டும்."

குழுவை நடத்துகிற சூசை அண்ணனைக் கூட்டிக்கொண்டு சாரின் வீட்டுக்குப் போனேன். சூசை ஜங்ஷனில் மளிகைக்கடைக்காரர். அவர் எழுதினால் ஊர் நம்பும்.

வாசலில் பைக் நின்றது. அதற்குள் கீறல் எல்லாம் பெயின்ட் அடித்து மறைத்து, புது வால்வும் போட்டாகிவிட்டது. உள்ளே தையல் மிஷினைத் துணியால் மூடியிருந்தார்கள். ஜினி கட்டிலில் சாய்ந்து, கையைத் தலையணைமேல் வைத்திருந்தாள். எலும்பைச் சேர்த்துப் பிடிக்க வைத்த கம்பிகள் மணிக்கட்டிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

சூசை அவளிடம் கேட்டார். "வால்வு மாத்தணும்னு சொன்னேன்னு நௌஷாத் சொல்லுதான். இவன் அப்பிடி ஒண்ணும் சொல்லலன்னு சாரு சொல்லியாரு. நீ என்னம்மா கேட்ட?"

"அவளுக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்? அவ சும்மா இருந்தா" என்றார் சார்.

"நான் கேட்டேன்" என்றாள் ஜினி. "வெடிச்சிருக்குன்னு நௌஷாத் அண்ணன் நகத்த விட்டுக் காட்டினாவ. மாத்தணும்னு சொன்னாவ. இவருதான் வேண்டாம்னாரு. வேண்டாம்னுட்டு சிரிச்சாரு."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சாரின் முகம் செத்துப்போனதைப் பார்க்க இனிப்பாக இருந்தது, மறைக்க மாட்டேன். கேட்டீர்களா என்பது போல சூசையைப் பார்த்தேன்.

ஜினி இன்னும் முடிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"பொறவு அண்ணன் அந்த வால்வோடயே புது டயர மாட்டினாவ. அதையும் பாத்துட்டுத்தான் இருந்தேன். பின்னால ஏறப்போறது நான்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அவருக்கு கம்பெனி பெருசு, ஒங்களுக்கு ரோசம் பெருசு. ரெண்டு பேருல ஒருத்தராவது என்னத் திரும்பிப் பாத்தீங்களா?"

சார்தானே வேண்டாம் என்றார் என்பது என் நாக்கு நுனியில் இருந்தது. அந்தக் கம்பிகளைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. வால்வு மாற்ற எனக்கு இரண்டு நிமிடம் போதும். அவர் வேண்டாம் என்றால், மாற்றாமல் மாட்ட மாட்டேன், வேறு கடை பாருங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யாமல், இரண்டு பேர் சிரித்ததற்காக அவளை அந்த வண்டியில் ஏற்றி அனுப்பினவன் நான். இத்தனை நாள் ஊர்மேல் இருந்த அருவருப்பு மொத்தமும் என் பக்கம் திரும்பியது. சூசை சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்தோம்.

அன்று சாயங்காலமே சூசை குழுவில் எழுதிவிட்டார். நௌஷாத் சொல்லியும் சார் கேட்கவில்லை, அவர் மனைவியே சொன்னாள் என்று. அவள் சொன்னதில் முதல் பாதி மட்டும். மன்னிச்சிரும் நௌஷாத் காக்கா, மன்னிச்சிரும் அண்ணே என்று வரிசையாக வந்தன. சுல்ஃபியா ஒவ்வொன்றையும் சிரித்துக்கொண்டே வாசித்துக் காட்டினாள்.

மீதியையும் எழுதுங்கள் என்று சூசையிடம் சொல்ல போனைக் கையில் எடுத்தேன். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்தேன். காலையில் கடையைத் திறக்கப் போனபோது வாசலில் நாலு வண்டி நின்றது. மாதம் இரண்டு ஆகிறது. இன்னும் சொல்லவில்லை.