கொதிநீரில் போட்ட சட்டை

அந்த நாவலின் நூற்று முப்பதாம் பக்கத்தைப் படித்தபோது இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடமாக வைத்த நாவல், படிக்காமல் விடவும் முடியாது. கதாநாயகி ஒரு சலவைத் தொழிலாளி. ஆலை விபத்தில் இறந்துபோன கணவனின் ரத்தச் சட்டையைக் கொதிக்கும் நீரில் போட்டு அலசுகிறாள். கறையோடு அவள் துயரமும் கரைந்துபோகிறதாம். மறுநாள், தவறு கணவனுடையதுதான் என்று ஆலைக்காரர்கள் நீட்டிய தாளில் பேசாமல் கையெழுத்தும் போட்டுவிடுகிறாளாம்.

எந்தக் காலத்தில் ரத்தக்கறை சுடுதண்ணீரில் போயிற்று? இவள் அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினாறு வருடமாக விரிப்பு வெளுக்கிறவள். ரத்தம் பட்டால் முதலில் பச்சைத் தண்ணீர்தான். சூடு பட்டால் கறை நூலோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு தலைகீழாய் நின்றாலும் போகாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற விஷயம் இது. புத்தகம் எழுதிய மகராசன் ஒரு கைக்குட்டையாவது துவைத்திருப்பாரா?

'கதாநாயகியின் பொறுமையைப் போற்றி எழுதுக' என்பது கேள்வி. இவள் மனதில் பட்டதையெல்லாம் கொட்டி எழுதிவிட்டு, 'இது பொறுமை இல்லை, வாயடைப்பு' என்று முடித்தாள். ஆசிரியை தாளின் குறுக்கே கோடு போட்டுத் திருப்பித் தந்தார்.

"கதையை ரசிக்கத் தெரியணும். நாளைக்கு ஒழுங்கா எழுதிக் கொண்டுவா. இல்லேன்னா உன்னைப் பரீட்சை எழுத விடமாட்டேன்."

மாலையில் நேரே சலவைக்கூடத்துக்குப் போய் அம்மாவிடம் குமுறித் தீர்த்தாள். விரிப்பு மடித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். "நம்ம வக்கீலம்மா கேஸ் தோத்துட்டாங்கடி!" அம்மா சிரிக்கவில்லை. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள். அதற்கும் இவளுக்கு ஆத்திரம் வந்தது. அம்மாவுமா வாயை மூடிக்கொள்ள வேண்டும்?

வீட்டுக்கு வந்ததும் அம்மா கட்டிலடியில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு சட்டையை எடுத்தாள். மார்பெல்லாம் துருப்பிடித்த மாதிரிக் கறை.

"உங்கப்பாவோடது. அப்போ உனக்கு மூணு வயசு. நானும் கொதிக்கிற தண்ணியிலதான் போட்டேன்."

"தெரியாமலா போட்டே?"

"தெரிஞ்சுதான்டி. மிஷினுக்கு மூடி போடாம விட்டவனுங்க, உங்கப்பாவோட கவனக்குறைவுன்னு எழுதிக்கிட்டு வந்து என்கிட்ட கையெழுத்துக் கேட்டானுங்க. போட முடியாதுன்னுட்டேன். கறை போயிடுச்சுன்னா என் கோபமும் போயிடுமோன்னு பயமா இருந்துச்சு."

அம்மா சட்டையை நாலாக மடித்து இவள் பையில் வைத்தாள்.

மறுநாள் ஆசிரியை, "எழுதியாச்சா?" என்றார். இவள் மேசைமேல் சட்டையை விரித்தாள்.

"எங்கப்பா சட்டை மேடம். கொதிக்கிற தண்ணியில போட்டது. பதினாலு வருஷமாச்சு, போகல."

ஆசிரியை மெல்லக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க" என்றாள். "அம்மா பத்திரமாத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லியிருக்காங்க."