சிம் ஏறாத போன்

என் நாத்தனார் குல்ஷனின் காது வழியாகத்தான் எட்டு வருஷம் என் புருஷனோடு குடித்தனம் நடத்தினேன். அவர் ரியாத்தில் கட்டடத்துக்குக் கம்பி கட்டினார்; நான் எங்கள் ஊரான மண்டி பகாவுத்தீனில் எருமை கட்டினேன். முகம் பார்த்துப் பேசுகிற போன் எங்கள் வீட்டில் அவளிடம் மட்டும்தான் இருந்தது. என்னிடம் இருந்தது பட்டன் போன். அதில் பெருநாளுக்குப் பெருநாள் கூப்பிட்டு நலம் விசாரிப்பார், அவ்வளவுதான்.

மற்ற நாளெல்லாம் குரலைப் பதிந்து குல்ஷனுக்கு அனுப்புவார். அந்த மகராசி முற்றத்தின் நடுவில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து எல்லாருக்கும் கேட்கும்படி போடுவாள். "ஷம்ஷாத், உடம்பைப் பார்த்துக்கோ" என்று அவர் குரல் வரும். "நல்லாவே பாத்துக்கறாங்கண்ணா, போன மாசத்துக்கு ஒரு சுத்து பெருத்திருக்காங்க" என்று இவள் பதில் பதிவாள். மாமனார் இருமிக்கொண்டே எழுந்து போவார். அதற்கு மேல் நான் என்னத்தைப் பேசுவது? "சுகமா இருக்கேன், நீங்க வேளைக்குச் சாப்பிடுங்க" என்பேன். எட்டு வருஷமும் அதையேதான் சொன்னேன்.

எனக்கென்று ஒரு போன் வாங்கி யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள் என்று ஒரு பெருநாளன்று கேட்டேன்.

"குடுத்து விட்டா ரெண்டு மாசம் ஓடும், அப்புறம் நம்மூர் சிம் ஏறாது" என்றார். "வெளிநாட்டுப் போனை ஊருக்கு வந்தவன் பாஸ்போர்ட்ல பதியணும், ஒரு ஆளுக்கு ஒண்ணுதான் விடுவான். வர்றவனெல்லாம் அவனவன் மச்சானுக்குத்தான் பதிவான், நமக்கா பதிவான்? நானே கையோட கொண்டாந்து பதிஞ்சு தரேன். அப்புறம் நம்ம பேச்சு நம்ம ரெண்டு பேருக்குத்தான்."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

பிப்ரவரியில் வந்தார். சாரத்திலிருந்து விழுந்தவரைப் பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தார்கள். சியால்கோட் விமான நிலையத்தில் பயணிகள் வெளியே வரும் வாசலிலேயே நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். காவல்காரர் ஒருவர் விசாரித்துவிட்டு, "இங்க இல்லம்மா, சரக்குக் கொட்டகைக்குப் போங்க" என்றார். போனோம். பெட்டியோடு அவருடைய பையையும் கொடுத்தார்கள். பைக்குள் அவருடைய பாஸ்போர்ட்டும் எனக்கென்று வாங்கிவைத்த அந்தப் போனும் இருந்தன.

எங்கள் கல்யாண வருஷத்தை அடித்ததும் திறந்துகொண்டது. உள்ளே அவர் பதிந்துவைத்து யாருக்கும் அனுப்பாத பேச்சுகள் இருந்தன. குல்ஷன் காதுக்குப் போகக் கூடாதென்று எனக்காகச் சேர்த்துவைத்தவை. "ஷம்மோ, இதை உன் கையில குடுத்த அப்புறம்தான் கேக்கணும்" என்று முதலாவது தொடங்கியது. மீதியை உங்களிடம் சொல்ல மாட்டேன். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன், கேட்டுக் கேட்டு அழுதேன்.

என் சிம்மை எடுத்து அதில் போட்டேன். அவர் சொன்னபடியே இரண்டு மாதம் ஓடியது. பதிவு செய்யாத போன், நிறுத்தப்படும் என்று ஒரு செய்தி வந்தது. பிறகு ஒரு காலையில் சிக்னல் கோடுகள் ஒன்றுகூட இல்லை. சிம்மைப் பட்டன் போனுக்கே மாற்றிக்கொள்ளச் சொன்னாள் குல்ஷன். எனக்கு மனம் வரவில்லை. அந்தப் போன் என் எண்ணில், என் கையில் மணியடிக்க வேண்டும். அவர் கொடுத்த வாக்கில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

அவருடைய பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். போன் கடை வகாஸுக்கு என் தம்பி வயதுதான் இருக்கும். பாஸ்போர்ட் எண்ணையும் போனின் எண்ணையும் பார்த்துக் கம்ப்யூட்டரில் தட்டினான்.

"உங்க வீட்டுக்காரர் எப்பக்கா வந்தாரு?"

"பிப்ரவரியில."

மறுபடி தட்டினான். "வரலைன்னு காட்டுதேக்கா."

"என்ன வரலை?"

"ஆளு வரலைங்குது. இங்கேருந்து போனது இருக்கு. திரும்பி வந்தது இல்ல. வந்திருந்தாத்தான் அவர் பேர்ல பதிய விடும்."

"வந்தாரு தம்பி. மண்ணு போட்டு மூணு மாசமாகுது."

அவன் கை நின்றுவிட்டது. "அப்படி வர்றவங்களுக்கு பாஸ்போர்ட்ல முத்திரை குத்த மாட்டாங்கக்கா" என்றான் மெல்ல. "அது சரக்குக் கணக்குல போயிடும்."

என் அடையாள அட்டையில் பதிய முடியுமா என்று கேட்டேன். பதியலாம், ஆனால் அதற்கான வரிக்கு எருமையை விற்றாலும் காணாது என்றான். என் முகத்தைப் பார்த்து அவனுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினான். நிறையச் செத்துப்போன பட்டன் போன்கள்.

"ஒவ்வொரு போனுக்கும் கம்பெனிக்காரன் உள்ள போட்ட நம்பர் ஒண்ணு இருக்குக்கா. இதுல ஒண்ணோட நம்பரை எடுத்து உங்க போனுக்கு ஒட்டுப் போட்டுடறேன். இதுதான் அந்தப் பழைய போனுன்னு நினைச்சு சிக்னல் குடுத்துடுவான்."

"செத்த போன் பேர்ல ஓடும், செத்த மனுஷன் பேர்ல ஓடாதா? நல்லா இருக்குப்பா உங்க சட்டம்."

"சட்டமா இருந்தா நான் ஏன்க்கா ரகசியமா பேசறேன்?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சரி போடு என்று நீட்டினேன்.

"ஒட்டுப் போட்டா உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும். வேணுங்கறதை முதல்ல என் கம்ப்யூட்டர்ல எடுத்துவச்சிடறேன், எல்லாம் சரியா வந்திருக்கான்னு போட்டுப் பாத்துடலாம்" என்று சொல்லிக்கொண்டே விரலால் தொட்டான்.

"ஷம்மோ..." என்றது அவர் குரல், கடை முழுக்க.

கண்ணாடிப் பெட்டிமேல் சாய்ந்து நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். நான் போனைப் பிடுங்கி மாரோடு அமுக்கிக்கொண்டேன். எட்டு வருஷம் நாத்தனார் காது போதாதா, இனிக் கடைத்தெருக் காதும் வேண்டுமா?

"வேணாம் தம்பி."

"அப்ப இது எப்பவும் அடிக்காதுக்கா. வெறும் டப்பாதான்."

"டப்பாவாவே இருக்கட்டும்."

பஸ்ஸில் வரும்போது சிம்மைக் கழற்றிப் பட்டன் போனில் போட்டேன். உடனே கோடுகள் எல்லாம் வந்தன. பாழாய்ப்போன அந்தப் பட்டன் போனைத் தூக்கிச் சாலையில் எறியலாம் போல இருந்தது.

வீட்டு முற்றத்தில் குல்ஷன் அதே கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, பதிஞ்சு குடுத்தாங்களா?"

"இல்ல" என்றேன். "உங்கண்ணன் இன்னும் ஊருக்கு வரலையாம். வந்தப்புறம் வரச் சொன்னாங்க."