கேள்வி கேட்காத நாடு

வெல்டர் ஒரு நாட்டில், அவன் மனைவி நர்ஸ் வேறொரு நாட்டில். கல்யாணம் முடிந்த கையோடு ஆளுக்கொரு விமானம் ஏறியவர்கள். போனில் பேசினால் பாதி நேரம் விசா பேச்சுதான்.

அவன் இருந்த நாட்டில் போதிய சம்பளம் காட்டினால் மனைவியை அழைத்துக்கொள்ளலாம். ஆனால் அவள் வேலை பார்க்கக் கூடாது. அவள் நாட்டில் கணவன் வேலையும் பார்க்கலாம். ஆனால் கல்யாணம் நிஜம்தான் என்று அதிகாரி நம்ப வேண்டும்.

"உங்க நாட்டுல சம்பளத்தக் கேக்குறாங்க, எங்க நாட்டுல பாசத்தக் கேக்குறாங்க" என்பாள்.

பாசம் இருக்கிறதே என்ற தைரியத்தில் அவள் நாட்டுக்கே விண்ணப்பித்தார்கள். இரண்டு வருடம் இழுத்தடித்து, அந்த நாட்டுத் தூதரகத்துக்கு அவனைக் கூப்பிட்டார்கள்.

"உங்கள் மனைவி கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பார்?" என்றார் அதிகாரி.

அவன் யோசித்துப் பார்த்தான். "தெரியல சார். சேர்ந்து இருந்ததே கொஞ்ச நாள்தான்."

"ஏன் சேர்ந்து இருக்கவில்லை?"

"நீங்க விசா தரலையே சார்."

விசா கிடைக்கவில்லை.

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல?" என்று போனில் கத்தினாள். அதற்கு மேல் கத்த அவளுக்குத் தெம்பில்லை.

பிறகு இருவரும் லீவு போட்டுவிட்டு மூன்றாவது நாடொன்றில் சந்தித்தார்கள். அங்கே இறங்கியதும் விசா. கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்தினார். வெல்டர் நகராமல் நின்றான்.

"இன்னும் என்ன?" என்பதுபோல் அவர் பார்த்த பிறகுதான் நகர்ந்தான்.

வாடகை அறையில் முதல் நாள் முழுக்க இருவரும் தூங்கினார்கள். மறுநாள் மதியம் அவள் கேட்டாள்: "பேசாம இங்கயே இருந்துடலாமா?"

"விசாரிச்சேன். சுத்திப் பாக்க விடுவானாம். தங்கணும்னா நம்ம ரெண்டு நாடும் தேவலன்னு ஆயிடும்."

சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஜன்னல் கம்பியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தாள்.

"நான் வேலைய விட்டுட்டு உங்ககிட்டயே வந்துடுறேங்க."

"அவ்வளவு படிச்சிட்டு வீட்ல உக்காரப் போறியா?"

"உக்காந்துதான் பாக்குறேனே. வார்டுல நடந்து நடந்து காலும் வலிக்குது."

கால் வலி காரணமில்லை என்று அவனுக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

திரும்பிப் போனதும் அவள் ராஜினாமா செய்தாள். அவன் நாட்டு விசா வந்து சேர மேலும் ஒரு வருடம் ஆனது.

அவள் வந்த மறுநாள் காலை, அவன் வேலைக்குக் கிளம்பினான். உடுத்திக்கொள்ள யூனிபார்ம் இல்லாமல், என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவன் வாசலில் குனிந்து பூட்ஸ் கயிறு கட்டும்போது கேட்டாள்:

"சாயங்காலம் எப்பங்க வருவீங்க?"

கயிற்றைப் பிடித்த கை அப்படியே நின்றது. இந்த ஊரில் யாரும் அவனை அப்படிக் கேட்டதில்லை.

"ஆறு மணிக்கெல்லாம் வந்துடுவேன்" என்றான்.