ஆறு பென்டர்களும் ஒரு படுக்கையும்

...இல்லை, கக்கூசுக்குள்ளும் வைக்க ஏலாது, வைத்துப் பார்த்தாயிற்று, மூன்றை அடுக்கிக் கதவைச் சாத்தினால் மனிசர் போய் இருக்க இடமில்லை, முன்பக்கத்தில் கட்டினால் நங்கூரம் எடுக்கிற நேரம் காலில் தடக்கும், காற்றைத் திறந்துவிட்டுச் சப்பையாக்கி மடிக்கலாம்தான், ஆனால் ஒவ்வொரு துறையிலும் குந்தியிருந்து ஆறுக்கும் பம்ப் அடிக்கிறதென்றால் அதற்குள் படகின் விலா கல்லில் உரஞ்சித் தோலுரிந்துவிடும், பிறகென்ன பென்டர், பிறகென்ன படகு... சௌந்தரநாயகி பின்தட்டில் சப்பாணி கட்டி இருந்துகொண்டு ஆறையும் முறைத்துப் பார்த்தாள். நீற்றுப்பூசணிக்காய் அளவில் ஆறு றப்பர் உருளைகள், காற்றடைத்தவை, துறையில் கட்டி நிற்கையில் படகின் பக்கம் கல்லில் அடிபடாமல் இடையில் தொங்கவிடுகிற சாமான். ஊர்காவற்றுறை வள்ளக்காரருக்கு இந்த வேலைக்குப் பழைய லொறி டயர் போதும். இந்தப் பாய்ப்படகை வாங்கின அவள் புருசனுக்குப் போதாது. துறையை விட்டால் ஒரு பென்டரும் வெளியில் தொங்கக் கூடாது, அது குருபரனின் சட்டம், நோர்வேயில் மீன் தொழிற்சாலையில் முப்பது வருசம் நின்ற மனுசன் அங்கே மீனைவிட இந்தச் சட்டங்களோடுதான் கூடப் பழகினார் போலும். சட்டம் போட்டவர் இடமும் காட்டியிருந்தார். படிக்குப் பக்கத்தில், பெட்டிபோல நீண்டு உள்ளே போகும் ஒற்றைப் படுக்கை, கடலில் நிற்கும்போதெல்லாம் ஆறும் அங்கேதான் கிடக்கும், நாலு வருசமாக அப்படித்தான், அப்போது அவருக்கு இரண்டு கையும் வேலை செய்தன.

ஆடியில் பாரிசவாதம் வந்தது. இடது கை, இடது கால். இப்போது பங்குனி, கால் ஓரளவு திரும்பிவிட்டது, கை திரும்பவில்லை, முன்பக்கத்துப் படுக்கைக்குக் குனிந்து, ஏறி, கம்பியைப் பிடித்து உருள வேண்டும், அதற்கு இரண்டு கை வேண்டும், அவரால் போய்ப் படுக்கக்கூடியது அந்தப் பெட்டிப் படுக்கை ஒன்றுதான், அதிலே இந்தப் பூசணிக்காய்கள். எட்டு மாதமாகப் படகு துறையில் கட்டியபடியே நிற்கிறது. மகன் நிதர்சன் நோர்வேயில் பேர்கனில் இருந்து ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுத்து, அம்மா, அப்பாவுக்கு இனி ஏலாது, வித்துப்போட்டு இஞ்ச வாங்கோ என்கிறான், பாவம், அவன் சொல்வதிலும் பிழையில்லை. திருகோணமலையில் இருந்து ஒருவர் இன்றைக்குப் பதினொரு மணிக்குப் பார்க்க வருகிறார், பிடித்தால் கையோடு முடித்துவிடுவாராம். நேற்று முன்தினம் இரவுச் சாப்பாட்டில் குருபரன் இடியப்பத்தைப் பிசைந்தபடி, தலை நிமிராமல் சொன்னார். "உந்த ஆறுக்கும் வேற இடம் காட்டும். நான் படுத்துக்கொண்டு வாறன். இல்லாட்டி வித்துப்போடுவம்." காட்டுறன் என்றாள். சொல்லிவிட்டாள் அல்லவா, இனி விடுகிறதாவது. நெடுந்தீவில் மாட்டுக்காரர் வீட்டில் பிறந்தவள், முரண்டு பிடிக்கிற நாம்பன் மாட்டையே கட்டைக்குக் கொண்டுவந்தவள், ஆறு றப்பர் உருளைக்கா தோற்பாள்? மணி எட்டேகால்.

சிரிப்பாகவும் இருந்தது. இந்தப் படகை எவ்வளவு திட்டியிருப்பாள். இரண்டாந்தாரம் என்றே பெயர் வைத்திருந்தாள், உங்கட மற்றவளிட்டப் போயிட்டு வாங்கோ என்று சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் கொடுப்பாள். முதல்முதல் பென்டர் கட்டச் சொன்னபோது பட்டிக் கட்டையில் மாடு கட்டுகிற முடிச்சைப் போட்டுவிட்டாள், அலை இழுக்க இழுக்க அது இறுகி, கடைசியில் கத்தியால் வெட்டித்தான் எடுத்தார்கள், இதென்ன மாடே, அவிட்டுக்கொண்டு ஓடுறதுக்கு என்று அவர் துறை முழுக்கக் கேட்கச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அன்றைக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு அந்தச் சிரிப்பு ஒரு தரம் கேட்டால் போதும் என்றிருக்கிறது... மாடு... மாடென்றால் பால், பாலென்றால் தயிர், தயிர்ச்சட்டி நிலத்தில் இருந்தால் பூனை விடுமா, விடாது, அதனால்தான் குசினி வளையில் உறி கட்டித் தூக்கியது. கயிற்றில் நாலு பக்கமும் பிரி எடுத்து அடியில் ஒரு வளையம். சட்டி உள்ளே இருக்கும். ஆடினாலும் விழாது. சௌந்தரநாயகி எழுந்து பின்பக்கத்துக் கம்பி வேலியைப் பார்த்தாள். அட, இவ்வளவு நாளும் இது தெரியாமல் போயிற்றே.

நைலோன் கயிறு வழுக்கும், இரண்டு சுற்றுக் கூடப் போட வேண்டும். பக்கத்து வள்ளத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பஸ்ரியாம்பிள்ளை கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "என்னக்கா, பலூன் கடையோ போடுறியள்?" "ஓம், உமக்கு ஒண்டு வேணுமே?" "எனக்கு டயர் காணும்" என்றவர், முதலாவது உறியில் பென்டர் நிமிர்ந்து நிற்பதைக் கண்டதும் வலையை வைத்துவிட்டு, "உது நல்லாத்தான் இருக்கு" என்றார். முதலாவது, இரண்டாவது... கை தன்பாட்டில் முடிச்சுப் போட்டது, மனம் தன்பாட்டில் வெளிக்கிட்டது. கட்டை அவிழ்த்து, இயந்திரத்தில் மெல்லப் பின்வாங்கி, கடற்கோட்டை தாண்டியதும் பாயை ஏற்றலாம், எழுவைதீவு வலப்பக்கம், அனலைதீவும் வலப்பக்கம், சுக்கான் பிடி கையில் இழுக்கும், அந்த இழுவையில்தான் தண்ணீர் என்ன நினைக்கிறதென்று தெரியும், அவர் சொல்லித் தந்ததுதான், நயினாதீவுக் கோபுரம் இடப்பக்கம் வரும்போது வெயில் முதுகில் இருக்கும், பிறகு கொஞ்சத் தூரம் கரையே கிட்ட இல்லை, பயமா, பயமில்லை, அந்த இடத்தில் ஒரு பிளேன்ரீ, பாலில்லாத தேத்தண்ணி, குடிக்கலாம், பிறகு நெடுந்தீவு, தட்டையாக, பனை முதலில் தெரியும்... மூன்றாவது. திரும்பவும் கடற்கோட்டை, திரும்பவும் எழுவைதீவு. நாலாவது.

அதற்குமேல் கம்பியில் இடமில்லை. ஐந்தாவதைப் பின்தட்டு இருக்கையில் சாய்த்துக் கட்டினாள், இருந்து பார்த்தாள், முதுகுக்கு நல்ல அணை. ஆறாவதுக்கு முன்முனைக் கம்பியில், நங்கூரம் எடுக்கிற கால் படாத உயரத்தில், ஒற்றை உறி. கீழே இறங்கி, வெறுமையாகக் கிடந்த படுக்கையைத் துடைத்தாள், வெள்ளை விரிப்புப் போட்டாள், தலையணை, டோர்ச், தன் மூக்குக்கண்ணாடிப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல். மணி பத்தாக ஐந்து நிமிசம். வென்றாயிற்று. இந்த ஐம்பத்தெட்டு வயதில் இப்படி நெஞ்சு நிறைந்து எத்தனை நாளாயிற்று.

ஓட்டோ வந்து நின்றது. பஸ்ரியாம்பிள்ளை ஓடிப்போய் இடப்பக்கமாகப் பிடித்து இறக்க, குருபரன் காலை வைத்து வைத்து உள்ளே வந்தார். உறிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு ஆட்டிப் பார்த்தார். "உறியே?" என்றார். "உறிதான்." படியில் இறங்கி, வலது கையை ஊன்றி, அந்தப் படுக்கையில் உடம்பைச் சரித்தார். கால் முழுக்க உள்ளே போயிற்று. கண்ணை மூடிக்கொண்டார், எட்டு மாதத்தில் அவள் காணாத முகம். "திருகோணமலைக்காரருக்கு அடிச்சு, வரவேண்டாமெண்டு சொல்லிவிடும்" என்றார். அவள் போனை எடுத்துச் சொல்லிவிட்டு வைத்தாள்.

"அந்தக் குளிசைப் பையைத் தாரும், தலைமாட்டில வைப்பம்."

பை... பை கதிரையில். அவருடைய மருந்துக் குளிசை, துவாய், இரவில் மூத்திரத்துக்குப் போத்தல் எல்லாம் இருக்கிற பை. வீட்டுக் கதிரையில் இருக்கிறது. காலையில் அதை அவள் காணாமல் வரவில்லை, கண்டாள், அதற்கு அடியில் இருந்த தன் தொப்பியை இழுத்தெடுக்கிறதற்காகப் பையைத் தூக்கி, தொப்பியை எடுத்து, திரும்பவும் பையைக் கதிரையிலேயே வைத்துவிட்டு வந்தாள். மறதியா? மறந்தால் கையில் தூக்குவாளா? அந்த நேரம் அனலைதீவுக்குப் போகிற பயணிகள் படகு துறையை விட்டு விலக, அதன் அலை வந்து தட்டி, எங்கேயோ கர்ரென்று ஒரு சத்தம். குருபரனின் காது பலகையோடு இருந்தது. "விலா கல்லில உரசுது" என்றார், கோபமில்லாமல், மெல்ல. "ஆறையும் எடுத்துப்போட்டீர். நாங்கள் இன்னும் துறையில எல்லோ நிக்கிறம்."

அவள் ஓடிப்போய் இரண்டு உறியில் இருந்து இரண்டை உருவி, கல்லுக்கும் படகுக்கும் இடையில் தொங்கவிட்டாள். கட்டி முடித்த பிறகுதான் பார்த்தாள், இரண்டும் மாட்டு முடிச்சு. "பையை எடுத்துக்கொண்டு வாறன், படுத்திருங்கோ" என்றாள். "ஆறுதலாப் போட்டு வாரும்" என்றது உள்ளேயிருந்து குரல். துறைக்கல்லில் ஒரு காலை வைத்தவள் மற்றக் காலை எடுக்கவில்லை. காலையில் இருந்து எத்தனை தரம் நெடுந்தீவுக்குப் போனாள், நாலு தரமா, ஐந்து தரமா, கடற்கோட்டை இருந்தது, கோபுரம் இருந்தது, முதுகில் வெயில்கூட இருந்தது, பிளேன்ரீ ஊற்றினாள்... அவருக்கும் ஊற்றினாளா, எத்தனை கோப்பை ஊற்றினாள்? ஒன்றுதானே ஊற்றினாள்.