திரைச்சீலையைப் பார்த்துச் சிரித்தவள்

வாக்ஸஹாச்சி என்கிற ஊரில் நெடுஞ்சாலையை ஒட்டி, டயர் கடைக்கும் கோழித்தீவனக் கிடங்குக்கும் நடுவே ஒரு பெரிய தகரக் கொட்டகை இருக்கிறது. வாசலில் 'ப்ளூ நார்தர் சியர்' என்று பலகை. உள்ளே தரை முழுக்க நீல மெத்தை, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, கண்ணாடிக்கு மேலே ஆளுயர எழுத்தில், அங்கே பயிற்சி கொடுக்கிற ட்வைலா ஹெண்ட்ரிக்ஸின் வேதவாக்கு: 'விழுந்தா எந்திரி. எந்திரிச்சா சிரி.' ஐந்து வயதுச் சுட்டிகள் முதல் அடுத்த வருஷம் கல்லூரிக்குப் போகப்போகிற பெண்கள் வரை, அந்தக் கொட்டகைக்குள் கால் வைக்கிற யாருக்கும் முதல் பாடம் அதுதான். பல்டி அடிப்பது, ஆளைத் தூக்குவது எல்லாம் அதற்கு அப்புறம்.

ட்வைலாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இந்த சியர் போட்டியே அப்படிப்பட்டது. பள்ளிக்கூட மைதானத்தில் பந்து விளையாடுகிற பையன்களுக்காகக் கத்துகிற சியர் வேறு, இது வேறு. இங்கே பையன்களும் கிடையாது, பந்தும் கிடையாது. இரண்டரை நிமிடப் பாட்டு, ஒரு மெத்தை, எதிரே வரிசையாக நடுவர்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பல்டியில் கை ஊன்றினால் மதிப்பெண்ணைக் கழிப்பார்கள். மேலே நிற்கிறவள் விழுந்தால் இன்னும் கழிப்பார்கள். ஒன்றுமே கழிபடாமல் முடித்தால் அதற்கு 'ஹிட்' என்று பெயர். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பெண்கள் வருஷம் பூராவும் முழங்காலைத் தேய்த்துக்கொள்கிறார்கள்.

அன்று ஃபோர்ட் வொர்த்தில் இரண்டாம் நாள் போட்டி. ட்வைலாவின் மூத்த அணிக்கு 'ஹெயில்' என்று பெயர், ஆலங்கட்டி மழை மாதிரி வந்து விழவேண்டும் என்று அவளே வைத்தது. சனிக்கிழமை ஆட்டத்தில் ஹெயில்தான் முதலிடம். ஞாயிற்றுக்கிழமையும் அதைக் காப்பாற்றிவிட்டால் ஃப்ளோரிடாவில் நடக்கிற கடைசிப் பெரிய போட்டிக்கு அழைப்பு நிச்சயம். ப்ளூ நார்தருக்கு அந்த அழைப்பு இதுவரை வந்ததே இல்லை. வருஷா வருஷம் ஹூஸ்டன்காரர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள், ட்வைலா கைதட்டிவிட்டு வண்டியேறுவாள். அணியில் பாதிப்பேருக்கு வயது வரம்பு முடிகிறது, அடுத்த வருஷம் ஆட முடியாது. ஆக, இன்றைக்கு இல்லாவிட்டால் இவர்களுக்கு என்றைக்கும் இல்லை.

காலையில் வரும் வழியில் பெட்ரோல் பங்கில் வாங்கிய கோலாச்சி பன் ட்வைலாவுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. துணைப் பயிற்சியாளன் எலியாஸ் அவள் பங்கையும் சேர்த்துத் தின்றான். அவனும் ஒரு காலத்தில் அவளிடம் பல்டி கற்றவன்தான், இன்னமும் அவளை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவான்.

"சாப்பிடுங்க மிஸ். மயக்கம் போட்டு விழுந்தீங்கன்னா நடுவர் அதுக்கும் கழிச்சிருவாங்க."

"வாய மூடிட்டு மெல்லுடா," என்றாள் ட்வைலா.

அணியின் நட்சத்திரம் ப்ரின்லி. மற்றவர்கள் கைமேல் ஏறி, ஒற்றைக் காலில் நின்று, மறுகாலைத் தலைவரைக்கும் தூக்கிப் பிடிக்கிறவள். பார்க்கிற எல்லோரும் அவளைத்தான் பார்ப்பார்கள். அவளுக்குப் பின்னால் நின்று, அவள் கணுக்காலைப் பிடித்துத் தாங்கி, அவள் இறங்கும்போது தோளைக் கொடுத்துப் பிடிப்பவள் ஜோஸி. அந்த இடத்துக்கு 'பேக்ஸ்பாட்' என்று பெயர். நல்ல உயரம், அகன்ற தோள், பதினேழு வயது. ஜோஸி இருக்கிற குழு விழுந்து ட்வைலா பார்த்ததில்லை. ஜோஸியின் அம்மா வாக்ஸஹாச்சியில் ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிறவள். சனிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள், ஞாயிறு கிடைக்கவில்லை.

மெத்தையின் முன்ஓரத்தில் ட்வைலா முழங்காலிட்டு உட்கார்ந்தாள். பயிற்சியாளர்களுக்கு அதுதான் இடம். அங்கிருந்தபடி எண்ணிக்கை சொல்லிக் கத்துவாள், பெண்கள் கையை நீட்டினால் இவளும் நீட்டுவாள். பின்னால் பெற்றோர் கூட்டம், பளபளக்கும் கல் பதித்த பனியன்களோடு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. பாட்டு ஆரம்பித்தது.

முதல் பாதி தேன். பல்டிகள் ஒன்றுபோல விழுந்தன, ஒரு கைகூட ஊன்றவில்லை. ட்வைலாவுக்கு உள்ளே மெல்லச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அடுத்து ப்ரின்லியைத் தூக்கினார்கள். நின்றாள், காலைத் தூக்கினாள், சுழன்று இறங்கினாள். அந்தச் சுழற்சியில் அவள் முழங்கை கொஞ்சம் அகன்றுவிட்டது. ஜோஸியின் நெற்றிப்பொட்டில் இடித்த சத்தம் பாட்டையும் மீறி ட்வைலாவுக்குக் கேட்டது. இரண்டு பேரும் சரிந்து விழுந்தார்கள்.

"எந்திரி, எந்திரி," என்று ட்வைலா கத்தினாள். அதுதானே பழக்கம்.

ப்ரின்லி எழுந்து ஓடித் தன் இடத்துக்குப் போனாள். ஜோஸியும் எழுந்தாள். எழுந்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தாள். அருமையான சிரிப்பு. ஆனால் நடுவர்களைப் பார்த்து அல்ல. மற்ற பெண்கள் அத்தனைபேரும் முன்பக்கம் திரும்பி நிற்க, ஜோஸி மட்டும் மெத்தையின் பின்னால் தொங்கிய கறுப்புத் திரைச்சீலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தில் யாரோ கெக்கலித்தார்கள். அடுத்தது பிரமிட், ஆள்மேல் ஆள் ஏறி நிற்கிற கோபுரம். அதில் ப்ரின்லியை இரண்டாள் உயரத்திலிருந்து பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போடவிடுவார்கள், பிடிக்க வேண்டியவள் ஜோஸி. ஜோஸி தட்டுத்தடுமாறி, ஆனாலும் தப்பாமல், தன் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். உடம்புக்குத் தெரிந்திருந்தது. பிடித்தாலும் பிடித்துவிடுவாள். இன்னும் ஒரே ஒரு நிமிடம். ஒரு தடவை விழுந்ததைக் கழித்தாலும் நேற்றைய மதிப்பெண் கைகொடுக்கும், முதலிடம் தப்பும் என்று ட்வைலாவின் மனசு கணக்குப் போட்டது. அந்தக் கணக்கைப் போட்டு முடிக்கும்வரை அவள் முழங்காலிலேயே இருந்தாள். அப்புறம்தான் எழுந்து மெத்தைமேல் காலை வைத்தாள்.

பயிற்சியாளர் மெத்தையில் ஏறினால் ஆட்டம் நின்றது என்று அர்த்தம். பாட்டை அணைத்தார்கள். அவ்வளவு பெரிய மண்டபத்தில் திடீரென்று வந்த அமைதி காதை அடைத்தது. பிரமிடுக்குக் கை கோத்தபடி பெண்கள் அப்படியே நின்றார்கள், ஒருத்தி முகத்திலும் ஈயாடவில்லை. ட்வைலா நேரே போய் ஜோஸியின் முகத்தை இரண்டு கையிலும் ஏந்தினாள். அவள் இன்னமும் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்மணிகளில் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தது.

முதலுதவி அறை என்பது நாற்காலி அடுக்கிவைக்கிற கிடங்கு. ஒரு கட்டிலும், நரைத்த தாடியோடு மருத்துவ உதவியாளர் ஒருவரும் இருந்தார்கள். ஜோஸியைப் படுக்கவைத்தார்கள். ட்வைலா அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள், அம்மா மாவுக் கையோடு கிளம்பிவிட்டதாகச் சொன்னாள். எலியாஸ் கதவில் தலையை நீட்டினான்.

"மிஸ், மறுபடி ஆடலாம்னு சொல்றாங்க. நின்ன இடத்துலேர்ந்துதான் மார்க். விழுந்தது விழுந்ததுதான், அதக் கழிச்சாச்சு. ஜோஸி வரக்கூடாது. கால்மணி நேரம் குடுத்திருக்காங்க, வாங்க."

"நான் வரல. இவ அம்மா வர்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன். நீ ஆட வை."

"நானா? சரி, ஜோஸி இடத்துல யார நிறுத்துறது?"

"ப்ரின்லிய கீழ இறக்கு. பிரமிட்ல நடு ஆள் வேண்டாம். ரெண்டு பக்கம் மட்டும் ஏறட்டும்."

"அவ கீழ நின்னதே இல்லியே மிஸ். அழுவா."

"இத்தன நாளா மேல நின்னவளுக்கு, கீழ யார் எங்க நிப்பான்னு தெரியாதா? அழட்டும், அழுதுட்டு நிக்கட்டும். போடா."

அவன் போனான். ஜோஸி கண்ணைத் திறந்தாள்.

"மிஸ், ஹிட் ஆச்சா?"

"இல்ல கண்ணு. நான் நிறுத்திட்டேன்."

"ஏன்?" என்றாள் ஜோஸி. "நான் எந்திரிச்சேனே. சிரிச்சேனே. ஏன் மிஸ் நிறுத்தினீங்க?" என்று சொல்லிக் கேவிக் கேவி அழுதாள். கண் மை கரைந்து, மினுக்குப் பொடியோடு சேர்ந்து காதுவரை ஓடியது. ட்வைலா துடைத்துவிட்டாள். அழுகை நின்றது. ஜோஸி கூரையைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு திரும்பினாள்.

"மிஸ், ஹிட் ஆச்சா?"

ட்வைலா தாடிக்காரரைப் பார்த்தாள். "தலையில அடிபட்டா அப்படித்தாம்மா," என்றார் அவர். "சொன்னது நிக்காது. திரும்பத் திரும்பக் கேப்பா. நீங்க பொறுமையா பதில் சொல்லுங்க."

"நிறுத்திட்டேன் கண்ணு."

இந்தத் தடவை ஜோஸிக்குக் கோபம் வந்தது. "நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க? செத்தாலும் முடிச்சிட்டுச் சாகணும்னு? ப்ரின்லிக்கு இதான் கடைசி வருஷம். எல்லாரும் என்னையத்தான் திட்டுவாங்க," என்று கட்டிலில் எழுந்து உட்காரப் பார்த்தாள். தாடிக்காரர் தோளை அமுக்கிப் படுக்கவைத்தார். மறுபடி அழுகை, மறுபடி கூரை. சுவருக்கு அந்தப் பக்கம் ஹெயிலின் பாட்டு நடுவிலிருந்து ஆரம்பிப்பது கேட்டது. தன் அணி ஆடும்போது ட்வைலா மெத்தையின் முன்னால் இல்லாமல் இருந்தது அதுவே முதல் தடவை. கை தானாக எண்ணிக்கை போட்டது.

"மிஸ், ஹிட் ஆச்சா?"

அதே செய்தியை இன்னொரு தடவை அந்தக் குழந்தைக்குப் புதுசாகச் சொல்ல ட்வைலாவுக்குத் தெம்பில்லை. எப்படியும் இன்னும் சற்று நேரத்தில் மறக்கப்போகிறவள்தானே.

"ஆச்சு கண்ணு," என்றாள். "ஹிட்."

ஜோஸியின் உடம்பு முழுக்கத் தளர்ந்தது. நிஜமாகவே சிரித்தாள், வாயின் ஒரு ஓரம் மட்டும் கோணுகிற சின்னச் சிரிப்பு. ட்வைலா அதை அதற்குமுன் பார்த்ததில்லை.

"அப்பாடா," என்றாள் ஜோஸி. "பயந்துட்டே இருந்தேன் மிஸ். வியாழக்கிழமையிலேர்ந்து தலை வலிக்குது. நேத்து ஆடறப்ப எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுது. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா என்னைய எடுத்துருவீங்கல்ல."

தாடிக்காரர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "வியாழக்கிழமையா? முன்னாடியே அடிபட்டிருக்கா?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தோளில் இருந்த வாக்கிடாக்கியை எடுத்து ஆம்புலன்ஸை உடனே பின்வாசலுக்கு வரச்சொன்னார்.

ட்வைலாவுக்கு வியாழக்கிழமைப் பயிற்சி ஞாபகம் வந்தது. இதே முழங்கை, இதே இடம். ஜோஸி ஒரு முழங்காலில் உட்கார்ந்துவிட்டாள். "என்னடி, ஓகேவா?" என்று ட்வைலா கொட்டகையின் அந்தக் கோடியிலிருந்து கேட்டாள். கிட்டப் போகவில்லை. ஜோஸி எழுந்து கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். "அதான் என் பொண்ணு," என்று சொல்லிவிட்டு, முதலிலிருந்து பாட்டைப் போடச்சொன்னாள் ட்வைலா. சின்னப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, பார்த்துக்கொள்ளுங்கள், இப்படித்தான் இருக்கவேண்டும் என்று ஜோஸியைக் காட்டவும் செய்தாள். அன்று ராத்திரி பெருமையோடுதான் தூங்கப் போனாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு ப்ரின்லி வந்தாள். தலையில் ரிப்பன் முடிச்சு கோணியிருந்தது, மூச்சு இரைத்தது.

"ஒண்ணுகூட விடல மிஸ். நான் பின்னால நின்னு பிடிச்சேன், தெரியுமா? ஆனா முன்னாடி விழுந்தோம்ல, அதுல போச்சு. பிரமிட்லயும் ஆள் கொறச்சல். மார்க் போட்டாச்சு, ஹூஸ்டன்தான் ஃபர்ஸ்ட்." அவள் குரல் உடைந்தது. "ஒரே நிமிஷம் மிஸ். ஒரு நிமிஷம் விட்டிருந்தீங்கன்னா நாமதான். அவ நல்லாத்தான் சிரிச்சிட்டிருந்தா."

"ஆமா," என்றாள் ட்வைலா. "நல்லாத்தான் சிரிச்சா."

கட்டிலிலிருந்து ஜோஸி கேட்டாள்: "ப்ரின், நீ கீழ விழலேல்ல? நான் பிடிச்சேன்ல?"

ப்ரின்லி அவள் கண்ணைப் பார்த்தாள். அதற்குமேல் பேச வந்ததை மறந்துவிட்டு, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆம்புலன்ஸும் ஜோஸியின் அம்மாவும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பின்வாசலுக்கு வந்தார்கள். அம்மா லோரெட்டா பேக்கரி ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. ஸ்ட்ரெச்சரோடு கூடவே ஓடி, மகளின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். மாவு ஒட்டிக்கொண்டது.

"எப்ப அடிபட்டுச்சு? இப்பத்தானே?" என்று ட்வைலாவைக் கேட்டாள்.

"வியாழக்கிழமை ஒரு தடவை. இன்னைக்கு ஒரு தடவை. வியாழக்கிழமை என் கண்ணு முன்னாலதான்."

"வியாழக்கிழமையா? ஏண்டி என்கிட்ட சொல்லல?" அம்மாவின் குரல் கிறீச்சிட்டது. "வீட்டுல என் முன்னாலதானடி சுத்திட்டிருந்த. வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? ஒரு சொட்டுக் கண்ணீரக்கூட நான் பாக்கலியே."

ஜோஸிக்கு அது பாராட்டாகக் கேட்டது போலிருக்கிறது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே அம்மாவைப் பார்த்து, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள்.

"நான் அழவே இல்லம்மா," என்றாள். "சிரிச்சிட்டே இருந்தேன். மிஸ்ஸக் கேளு."

லோரெட்டா திரும்பி ட்வைலாவைப் பார்த்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளினார்கள்.

"நான்தான் சொல்லிக்குடுத்தேன்," என்றாள் ட்வைலா.